நீ அங்கே மாணவன், மாஸ்டர் இல்லை

ஏகாம்பரம்,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னேன். நீ கப்பல் ஏறின அன்றைக்கே, மெட்ராஸ் துறைமுகத்தில், உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற கூலிக்காரன் காதில்கூட விழுகிற மாதிரி சொன்னேன். "இவன் போறது பெரிசில்லைபா, இவனைப் பத்திக் கேட்டுக்கினு ஒரு நாள் நம்ம தெருவுக்கு ஆள் வரும் பாரு" என்றேன். நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கு முழுக்க மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன் என்கிறாள் உன் சித்தி. அவளுக்கு மறதி அதிகம். மனுஷன் சந்திரனில் கால் வைத்த வருஷம் அது. ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நான் ஒருத்தன்தான் கீழே பார்த்தேன், வரப்போவது தெரிந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு தெரிகிறதே என்று துறைமுகத்தில் இருந்த வெள்ளைக்காரன் ஒருத்தன் தொப்பியைக் கழற்றினான்.

ஆள் வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. எப்படி வந்தது, யார் யார் என்ன சொன்னார்கள், நான் எப்படிச் சமாளித்தேன் என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன். பயப்படாதே. நான் பயப்படவில்லை. எழுத்து கோணலாகத் தெரிந்தால் அது பேனாவின் கோளாறு. உன்னோடு அங்கே தங்கியிருக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டு. அவர்களுக்கும் ஊரில் சித்தப்பா மாமா என்று யாராவது இருப்பார்கள், அவர்களுக்கும் வாய் இருக்கும்.

முதலில் நீ எழுதிய சட்டத்தை எனக்குப் புரிந்த மட்டில் திருப்பிச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் அடுத்த கடிதத்தில் திருத்து. நீ கராத்தே படிக்கிற கூடத்தில் வாத்தியார் இருக்கிறார், வெள்ளை உடுப்பு இருக்கிறது, இடுப்புப் பட்டைக்குப் பரீட்சை இருக்கிறது, அடிபட்டால் தடவுவதற்கு எண்ணெய்கூட இருக்கிறது. ஆனாலும் அந்த ஊர் சர்க்கார் கண்ணுக்கு அது பள்ளிக்கூடம் இல்லை. ஆகையால் நீ அங்கே உதை வாங்குவது படிப்பு இல்லை. மளிகைக் கடை மாடியில் ஒரு அம்மா ஜப்பான் பாஷை சொல்லிக்கொடுக்கிறாரே, அதுவும் பாதிப் பள்ளிக்கூடம்தான். அந்த அம்மா 'இவன் தவறாமல் வகுப்புக்கு வருகிறான்' என்று சொல்ல வேண்டும், கராத்தே வாத்தியார் 'இவனுக்குச் சோறும் படுக்கையும் நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் இருந்தால் நீ மாணவன். ஒன்று போனாலும் மாணவன் இல்லை. மாணவன் இல்லை என்றால் கப்பல்தான், மறுபடி உள்ளே விடமாட்டார்கள். இதற்கு நடுவில் நீ யாரிடமும் சம்பளம் வாங்கக் கூடாது, யாருக்கும் கூலிக்கு எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அனுமதியை நீட்டிக்கக் கேட்டிருக்கிறாய், ஊரில் விசாரிக்க ஆள் வரலாம், வந்தால் 'படிக்கிறான்' என்று மட்டும் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். புரியாததால் இல்லை, பிடித்திருந்ததால்.

இதில் எனக்குப் புதுமையாகப் பட்டது ஒன்றுதான். அந்த ஊரில் கற்றுக்கொள்வது மரியாதை, கற்றுக்கொடுத்தால் குற்றம். நம் பிள்ளையார்பாளையத்தில் தலைகீழ். இங்கே மீசை முளைப்பதற்கு முன்னாலேயே பையன் தறியில் உட்கார்ந்துவிடுவான், அதோடு படிப்பு முடிந்தது. கல்யாண வயதைத் தாண்டினவன் 'நான் இன்னும் படிக்கிறேன்' என்றால், இவனுக்கு ஏதோ குறை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்த வித்தியாசத்தை நீ கப்பல் ஏறுவதற்கு முன்னால் யாராவது எனக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்த எனக்கே அது தெரியாமல் போய்விட்டது.

போன தை மாசம் மாகறலில் நம் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் பெண் வைத்திருக்கிற ஒரு பெரிய மனுஷர் உட்கார்ந்தார். நல்ல குடும்பம், நிலம் இருக்கிறது, பெண்ணும் லட்சணம். உனக்காகத்தான் பேச்சை மெல்ல ஆரம்பித்தேன்.

"பையன் என்னா பண்றான்?" என்றார்.

"ஜப்பான்ல இருக்கறான்."

"இருக்கறான், சரி. என்னா பண்றான்?"

"படிக்கிறான்."

"இந்த வயசுலயா? என்னா படிப்பு?"

"கராத்தேபா. வெறுங்கையால ஓடு உடைக்கிற வித்தை."

அவர் அப்பளத்தை நொறுக்கி வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எங்க ஊட்டு மேல குரங்கு தெனமும் ஓடு உடைக்குது. அதெல்லாம் ஜப்பான் போயா கத்துக்கினு வந்துச்சு?"

பந்தி முழுக்கச் சிரித்தது. சாம்பார் வாளி தூக்கினவன் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தான். ஏகாம்பரம், உன் அப்பா, என் அண்ணன், கண் மூடினபோது உனக்குப் பால்பல் விழவில்லை. அன்றையிலிருந்து உன்னை யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்குப் பொறுக்காது. "யார் சொன்னது கத்துக்கப் போனான்னு? கத்துக்குடுக்கப் போயிருக்கறான்! அங்க அவன் மாஸ்டர்!" என்று சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது. பெரிய மனுஷர் என் இலையைப் பார்த்து, "இவருக்குப் பாயசம் போடுங்கபா" என்றார். அவ்வளவு ருசியான பாயசத்தை நான் சாப்பிட்டதே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பொய் என்பது நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, வந்தபின் அதற்கு வேண்டியதைச் செய்துகொடுத்துத்தான் ஆகவேண்டும். மாகறலிலிருந்து பஸ் நம் ஊர் வந்து சேர்வதற்குள் உனக்குச் சொந்தமாக ஒரு கூடம் அமைந்துவிட்டது. சைக்கிள் கடை காதர் பாயிடம் சொன்னபோது அந்த ஊர்ப் போலீஸ்காரர்கள் உன்னிடம் வரிசையில் நின்றார்கள். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார ராஜம்மாவுக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை, அவளே பாயிடம் கேட்டுக்கொண்டு வந்து, நீ ராஜா வீட்டுப் பிள்ளைகளுக்கு வித்தை சொல்லிக்கொடுப்பதாக எனக்கே சொன்னாள். நான் வாங்கின ரேடியோவை நீ அனுப்பினதாக வைத்துக்கொண்டோம். நீ ஒரு போட்டோ அனுப்பினாயே, சின்னப் பிள்ளைகள் வரிசையாக நிற்க நீ ஓரத்தில் நெட்டையாக நிற்கிறாயே, அதைப் பாய் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். படம் எடுத்தவர்தான் வாத்தியார், நீ வளர்த்தியாக இருப்பதால் உன்னை ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள் என்று நீ எழுதியிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன்னை இந்த வித்தைக்குத் தள்ளினதே என் வாய்தான் என்று உன் சித்தி சொல்வாள். நம் தெருக் கோவில் திருவிழாவில், நீ கம்பையே தொட்டிராத வயதில், "எங்க பையன் சிலம்பத்துல புலி" என்று நான் சொல்லப்போக, திருப்புட்குழியிலிருந்து வந்த ஒரு தடியன் உன்னைக் களத்துக்குக் கூப்பிட்டுவிட்டான். நீ என் முகத்தைப் பார்த்தாய். 'இல்லை சித்தப்பா, எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாய். தோள்பட்டையில் விழுந்த அடி ஒரு மாசம் ஆறவில்லை. ஆறினதும் நீயே வாத்தியார் வீடு தேடிப் போய்க் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாய். அப்புறம் மெட்ராஸில் ஜூடோ, அப்புறம் அந்த ஜூடோ வாத்தியார் சிபாரிசில் ஜப்பான். நான் சொன்ன பொய்யை உண்மையாக்குவதற்கென்றே பிறந்த பிள்ளை நீ. ஊரில் இதைச் சொல்லி நான் பெருமைப்படுவேன். ஆனால் இந்தத் தடவை அதை நீ உண்மையாக்கிவிடக் கூடாது மகனே. அங்கே யாராவது 'எங்கள் பிள்ளைக்கு ஒரு அடி சொல்லிக்கொடு' என்றால், சித்தப்பா ஊரில் சொல்லிவிட்டாரே என்று செய்துவிடாதே.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்குக் காலையில் நம் வீட்டுப் பாவு நூலைத் தெருவில் நீட்டியிருந்தோம். உனக்குத் தெரியாததில்லை, ஆனால் உன்னோடு இருக்கிற பிள்ளைகள் மதுரைப் பக்கமோ என்னமோ, அவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையின் நீளவாட்டு இழைகள் அத்தனையையும் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, கஞ்சி தடவி, காய்வதற்குள் ஒட்டின இழைகளைப் பிரித்துவிட வேண்டும். இரண்டு முனையிலும் ஆள் கோலைப் பிடித்துச் சாய்ந்து நிற்க, நடுவில் அக்கம்பக்கத்தார் வேலை செய்வார்கள். பிடித்தவன் விட்டால் பட்டு முழுக்கச் சிக்கு. கிழக்கு முனை என் கையில். மேற்கு முனை ராஜம்மா புருஷன் கையில். ராஜம்மாவும் உன் சித்தியும் அந்தப் பக்கம் இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாயின் கடையும் அந்தப் பக்கம்தான்.

முழுக்கைச் சட்டை, தோல் பை, மடக்கின குடை. அப்படி ஒருத்தர் மேற்கு முனையில் வந்து நின்றார். நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதட்டிப் பேசுகிற ஆபீசரைக் கண்டு பயமில்லை ஏகாம்பரம், அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். தணிந்த குரலில் 'அம்மா' போட்டுப் பேசுகிற ஆபீசர்தான் எதையும் விடமாட்டார். எனக்கு நல்ல காது. தெருவும் காலை வேளையில் அமைதி. ஒவ்வொரு சொல்லும் கேட்டது, விட்டுப்போனதை உன் சித்தி பிறகு சொன்னாள்.

"இங்க ஏகாம்பரம்னு ஒருத்தர், வெளிநாட்டுல இருக்கறவர், அவர் வீடு எதும்மா?"

"யாரு, நம்ம மாஸ்டர் ஊடா?" என்றாள் ராஜம்மா.

"மாஸ்டரா?"

"ஏமி சார் இப்படிக் கேக்கறீங்க! ஜப்பான்ல அவருதான் மாஸ்டரு. ஊர் பூரா தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"

"அப்படியா. மெட்ராஸ் ஆபீசுல எங்கிட்ட குடுத்த தகவல்ல மாணவர்னு போட்டிருக்குது."

பாய் கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். நல்ல மனுஷர், உனக்குச் சின்ன வயதில் வாடகை வாங்காமல் சைக்கிள் கொடுத்தவர். "சார், யாரோ பொறாமைக்காரன் தப்பா எழுதிக் குடுத்திருக்கான். உள்ளார வந்து படத்தைப் பாருங்க. மாஷா அல்லா, எப்படி நிக்கறான் பாருங்க நம்ம புள்ள! பக்கத்துல நிக்கறதெல்லாம் அவன் சிஷ்யனுங்க" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். ஆபீசர் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

நான் கத்தினேன். "ராஜம்மா! இழை அறுந்துச்சு பாரு!"

"இங்க ஒண்ணும் அறுவல! நீ அந்தப் பக்கம் கெட்டியா புடி!" என்று அவள் திருப்பிக் கத்திவிட்டு, ஆபீசரிடம் குரலை இறக்கி, "அவருதான் சார், சித்தப்பா. பாவு புடிச்சா யாரையும் பேசவுடமாட்டாரு" என்றாள்.

"சம்பளம் வருதாம்மா அவருக்கு?"

"வராமயா அந்த ஊட்டுல ரேடியோ பாடுது?"

அப்போதுதான் உன் சித்தி வாயைத் திறந்தாள். கையெல்லாம் கஞ்சி. முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, "நான் அவனுக்குச் சித்தி சார். அம்மா மாதிரின்னு வச்சுக்குங்க. அவன் அங்க படிக்கிறான். மாஸ்டர் இல்லை. ரேடியோ நாங்க வாங்கினது" என்றாள். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அதற்குமேல் ஒரு உண்மை கிடையாது. கேட்டதும் பாய் சிரித்தார், ராஜம்மா அவள் தோளைத் தட்டினாள். "அடக்கம் சார் இவங்களுக்கு. திருஷ்டி பட்டுடும்னு வெளியில சொல்லமாட்டாங்க. தங்கம் வாங்கினாக்கூடப் பித்தளைன்னுதான் சொல்லுவாங்க" என்றாள். ஆபீசர் உன் சித்தியை ஒரு நிமிஷம் பார்த்தார், தலையை ஆட்டினார், எழுதினார். ஊர் உன்மேல் வைத்திருக்கிற பிரியம் முழுவதும் அந்தத் தாளில் ஏறிக்கொண்டிருந்தது. விரோதி ஒருத்தன் இருந்திருந்தால்கூட, 'அவனாவது மாஸ்டராவது, இன்னும் உதை வாங்கிக்கினு இருக்கான்' என்று சொல்லி உன்னைக் காப்பாற்றியிருப்பான். நம் தெருவில் உனக்கு ஒரு விரோதி இல்லாமல் போய்விட்டானே என்று நான் நொந்துகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் நான் இறங்கினேன். பாவு முனையைக் கல்தூணில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டேன், தெருவைத் தாண்டி ஓடினேன், ஆபீசர் முன்னால் நின்றேன். "சார், ஸ்டாப். மை சன் ஸ்டூடண்ட். நோ மாஸ்டர். நோ சேலரி" என்று இங்கிலீஷிலேயே ஆரம்பித்தேன். அந்த அம்மாவின் பாஷை வகுப்பை எடுத்துச் சொன்னேன். கராத்தே வாத்தியார் உனக்குப் பொறுப்பு ஏற்றிருப்பதைச் சொன்னேன். போட்டோவில் நீ ஓரத்தில் நிற்கிற காரணத்தைச் சொன்னேன். மாகறல் பந்தியைக்கூட மறைக்கவில்லை, குரங்கு கதையைச் சொன்னதும் ஆபீசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எழுதினதை அடித்துவிட்டு 'மாணவர்' என்று என் கண் முன்னால் எழுதினார். மோர் கொடுத்தோம், குடித்தார். என் கையைக் குலுக்கி, "உங்களை மாதிரி ஒருத்தர் பின்னால இருந்தா எந்தச் சர்க்காரும் அனுமதி குடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகையால் நீ நிம்மதியாக இரு.

நிம்மதியாக இரு என்று எழுதினாலும் சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன். காய்ச்சல் என்றாலும் பாஷை வகுப்புக்குப் போ. அந்த அம்மாவுக்கு வயசாகிறது, மாடிப்படி வேறு, அவர் வகுப்பை மூடிவிட்டால் உன் கதி என்ன என்று முன்கூட்டியே கேட்டு வை. முசரவாக்கத்தில் ஒரு பையன், அவன் கதை வேறு தேசம், வேறு வித்தை, ஆனால் சட்டம் இதே மாதிரிதான். அவன் படித்த வகுப்பு ஒரு நாள் மூடிக்கிடந்ததாம், கதவில் பூட்டு, வாத்தியார் ஊரை விட்டே போய்விட்டார். இவன் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் இல்லாத மாணவனை எந்த ஊரில் வைத்துக்கொள்வார்கள்? திரும்பி வந்துவிட்டான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்க்கிறேன், யார் கேட்டாலும் 'லீவுல வந்திருக்கறேன்' என்கிறான். நான் அவனைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். பயந்து இல்லை, வெயிலுக்காக.

நீ அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறாய், அதற்குப் பதிலாகத் தங்க இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அது வேலையா, குருவுக்குச் செய்கிற பணிவிடையா? நமக்குத் தெரியும் அது பணிவிடை. ஆபீசில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியுமா? கேட்டால் என்ன சொல்வது என்று வாத்தியாரும் நீயும் ஒரே மாதிரி பேசிவைத்துக்கொள்ளுங்கள், உள்ளதைத்தான், ஆனால் ஒரே மாதிரி. பிள்ளைகள் யாராவது மிட்டாய் கொடுத்தால்கூட வாங்காதே. படம் எடுத்தால் பின்வரிசையில் நில், வளர்த்தியாக இருந்தால் உட்கார்ந்துகொள். யாராவது உன்னைப் புகழ்ந்தால் அங்கேயே, அப்போதே மறு. எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை, உனக்கு வரவேண்டும். புகழ்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு அது சாட்சியாகி எதிரில் வந்து நிற்கிறது. நான் கோவிலுக்குப் போனாலும் இதே நினைப்பாக இருக்கிறது. தபால்காரர் தெருமுனையில் மணி அடித்தால் சாப்பிடுகிற கை நின்றுவிடுகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உன் சித்தி என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். இதையெல்லாம் பயம் என்று எடுத்துக்கொள்ளாதே.

இதுவரை எழுதிவிட்டு உன் சித்திக்குப் படித்துக் காட்டினேன். ராஜம்மா பேச்சு வந்த இடத்தில் சிரித்தாள். தன் பேச்சு வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். மோர் வந்த இடத்தில், அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதைப் படிச்சா அவன் என்னா பண்ணுவான்?" என்று கேட்டாள்.

"நிம்மதியா இருப்பான்."

"அங்க இருக்கற ஆபீசுக்குப் போவானா?"

"எதுக்குப் போவணும்? அதான் எல்லாம் சரியாப் போச்சுன்னு எழுதியிருக்கறனே."

"அதத்தாங்க கேக்கறேன்" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏகாம்பரம், மேலே எழுதினதில் ஒரு பத்தி நடக்கவில்லை. நான் ஓடவில்லை. பாவு முனையை எந்தத் தூணிலும் கட்டவில்லை. ஆபீசர் வந்ததிலிருந்து போகிறவரை கோலைப் பிடித்துக்கொண்டு கிழக்கு முனையிலேயே நின்றேன். பட்டு கெட்டுவிடும் என்று நின்றதாகத் தெருவில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் கை மாற்றிக்கொள்ள ஆள் இருந்தான், "குடுங்க, நான் புடிக்கறேன், போய்ப் பேசிட்டு வாங்க" என்றும் சொன்னான். நான் கோலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அங்கே போய் 'நான் சொன்னதெல்லாம் பொய்' என்று பாய் முன்னால், ராஜம்மா முன்னால் சொல்ல வேண்டுமே என்று நினைத்தேனா, ஆபீசர் என்னையும் கேள்வி கேட்பாரே என்று நினைத்தேனா, தெரியவில்லை. உன் சித்தி உண்மையைச் சொல்லிவிட்டுத் தெரு நீளத்துக்கு என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'ஆமாம், அவள் சொல்றதுதான் நிஜம்' என்று அங்கிருந்தே ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். இழை அறுந்தது என்று கத்தத் தெரிந்த வாய்க்கு அது வரவில்லை.

ஆபீசர் சிரிக்கவில்லை. எதையும் அடித்து எழுதவில்லை. குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் கொண்டுபோன தாளில் நீ மாஸ்டர், உனக்குச் சம்பளம் வருகிறது. அது மெட்ராஸ் போய், எங்கெங்கோ கைமாறி, உன் ஊர் வந்து சேரக் கொஞ்ச காலம் ஆகும். இந்தக் கடிதம் அதற்கு முந்திக்கொள்ளும் என்று நம்புகிறேன். கிடைத்த அன்றைக்கே அந்த பாஷை வகுப்பு அம்மாவையும் வாத்தியாரையும் அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போ. அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லு, ஊரில் என் சித்தப்பா பெருமைக்குச் சொன்னது இது, நான் மாணவன் என்று சொல்லு. என் பேரைச் சொல்லத் தயங்காதே. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் உன் சித்தியும் மெட்ராஸ் போகிறோம், அந்த ஆபீசரைத் தேடி. பேச்சு அவளுடையது. ஆமாம் என்று சொல்வது என்னுடையது, அதையாவது சொல்லிவிடுவேன்.

அவர் என் கையைக் குலுக்கினதாக எழுதினேனே, அதை நம்பி இருந்துவிடாதே. போ.

உன் சித்தப்பா